ஏடும் நாடாவும்



ஓலைச்சுவடிக்குக் கரையான் பகை. காந்த நாடாவுக்கு ஈரமும் தூசியும் பூஞ்சையும் பகை.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. மறு ஆண்டே ஜப்பானில் வி.எச்.எஸ். வீடியோ கேசட் பிறந்தது. பின்னாளில் ஊர்தோறும் கவியரங்கும் பட்டிமன்றமும் தெருக்கூத்தும் அந்த அரை அங்குல நாடாவில் பதிவாயின. அச்சேறிய கவிதை நூலகத்தில் நிற்கும். அதைப் படித்தவரின் குரலும் முகமும் கையசைவும் பல வேளைகளில் அந்த நாடாவில் மட்டுமே நிற்கின்றன.

பாலியெஸ்டர் படலத்தின்மேல் காந்தத் துகளைப் பசையால் ஒட்டியதே நாடா. குள்ளஞ்சாவடி போன்ற, கடலுக்கு அணித்தான ஊர்களில் காற்றின் ஈரத்தை அப்பசை உறிஞ்சுகிறது; வெண்பூஞ்சை படர்கிறது. அந்நிலையில் ஆவல் மிகுதியால் கேசட்டை ஓடவிடுவதே பெருங்கேடு. கருவியின் காந்தத் தலை நிமிடத்துக்கு 1500 முறை சுழல்வது. இடையில் சிக்கிய சிறு துகளும் நாடாவைக் கீறிவிடும். பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

எனவே பூஞ்சை பிடித்ததைத் தனியே பிரித்து, நிழலில் உலரவிடுதல் முதற்பணி. பின்னர்ப் பயிற்சியுடையோர் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கூட்டைத் திறந்து, இழை உதிராத மென்துணியால் நாடாவைத் துடைப்பர். கருவியின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் தூய்மை செய்த பின்னரே ஓடவிடுவர்.

எனினும் துப்புரவு முடிவன்று, படியெடுப்பதற்கான வாயில். தமிழர் ஏட்டைக் காத்த முறையும் இதுவே. பழைய ஏடு சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். அவ்வாறு எஞ்சிய படிகளைத் தேடி ஒப்பிட்டே உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். படியெடுக்கப்பெறாத நூல்கள் பெயரளவில் நின்றன.

நாடாவுக்கு மற்றோர் இடரும் உண்டு. ஏட்டைக் கண்ணே படிக்கும். நாடாவைக் கருவியே படிக்கும். அக்கருவியை இறுதிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

பரண்மேல் உள்ள ஒவ்வொரு கேசட்டின் மேலும் நாளும் ஊரும் படித்தவர் பெயரும் இன்றே எழுதப்பெறுக. தூய்மை செய்து கணிப்பொறியில் ஏற்றிய படிகள் இரண்டு, இரு வேறு ஊர்களில் இருத்தல் நன்று. 2011இல் தானே புயலையும் 2015இல் பெருவெள்ளத்தையும் கண்ட மாவட்டத்துக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை. மறைந்த கவிஞரின் பாட்டை மற்றொருவர் படிக்கலாம். அவர் குரலை மற்றொருவர் தர இயலாது.