சீட்டு இல்லாதவன் குற்றவாளி அல்ல

(கோவையில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரண்டாம் ஷிப்டு விட்டு நடுச்சாமத்தில் சைக்கிளை மிதித்து வருகிறோம். வாளையாறு தாண்டிக் கூலி வேலைக்குப் போக, விடியுமுன் வேனில் நெருக்கியடித்து உட்காருகிறோம். திடீரென்று டார்ச்சு வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. "நில்! எந்த ஊர்? கார்டை எடு!" என்று ஒரு குரல். அந்த நிமிஷத்தில் நம்மில் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. திருடாதவனும் திருடனைப் போல் விழிக்கிறான். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? இதைப் போக்குவது எப்படி?

இது பழைய பயம். வெள்ளையன் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. கள்ளர், குறவர் முதலான பல சாதி ஏழைகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிந்து கைரேகை வாங்கினார்கள். ஊரை விட்டு வெளியே போனால் கையில் ராதாரிச் சீட்டு இருக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைச் சீமைப் பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உள்பட பலர் மாண்டார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

கடல் கடந்த நம்மவர்களும் இந்தக் கொடுமையை எதிர்த்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் 1908 ஆகஸ்ட் 16 அன்று இந்தியர்கள் தங்கள் பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையில் குவித்துக் கொளுத்தினார்கள். அதே நாட்டில் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் பதினாறே வயதில் உயிர் நீத்தாள். சீட்டைக் காட்டினால்தான் மனிதன் என்ற நிலையை ஒழிக்க இத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள்!

இன்று சட்டம் என்ன சொல்கிறது? தெருவில் நடக்கிறவன் எந்நேரமும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. ஆதாருக்கும் இதே நிலைதான். அட்டை இல்லை என்பது மட்டும் குற்றமாகாது.

ஆனால் வண்டி ஓட்டுகிறவர் விஷயம் வேறு. சீருடையில் உள்ள போலீஸார் கேட்டால் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும். 2018 முதல் செல்போனில் டிஜிலாக்கர் மூலம் காட்டினாலும் செல்லும். இன்னொன்று: சிறு குற்றம் செய்ததாகச் சொல்லிப் பெயர், விலாசம் கேட்கும்போது சொல்ல மறுத்தாலோ, பொய் சொன்னாலோ அதற்காகவே கைது செய்யலாம். ஆகவே பெயரையும் ஊரையும் மறைக்காதீர்கள். நிமிர்ந்து நின்று சொல்லுங்கள். ஓடாதீர்கள், வாய்ச்சண்டைக்கும் போகாதீர்கள்.

சோதனைச் சாவடியில் அத்துமீறல் என்ன செய்யும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். கொரோனா ஊரடங்கின்போது, 2021 ஜூனில், சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சாவடியில் ஒரு சிறு கடைக்காரரைப் போலீஸ் அதிகாரி ஒருவர் தடியால் அடித்தார். மறுநாள் அந்த மனிதர் மாண்டார். அடித்த அதிகாரி கைது செய்யப்பட்டார். ஆனால் போன உயிர் திரும்புமா? ஊரடங்கை மீறினார் என்றால் வழக்குப் போடலாம். தடியால் அடிக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

கைது என்று சொன்னால் என்ன செய்வது? 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் நமது உரிமை மாறவில்லை. மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எதற்காகக் கைது என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்வது அவர்கள் கடமை. கைது செய்பவர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும்.

இரண்டு, உறவினருக்கோ சிநேகிதருக்கோ தகவல் சொல்லச் சொல்லுங்கள். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டார் அல்லது உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். வழிப் பயண நேரம் இதில் சேராது. வக்கீலைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இவை அரசியல் சட்டம் 22ஆம் பிரிவிலேயே உள்ளவை.

நான்கு, விசாரணையில் போலீஸாரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வெற்றுத்தாளில் ஒருநாளும் போடாதீர்கள்.

ஐந்து, பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட பையன்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பெண்ணைச் சோதனையிடப் பெண்தான் வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் அனைவருக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

தோழர்களே, ஒரு சம்பவம் சொல்லி முடிக்கிறோம். வடக்கேயிருந்து பிழைக்க வந்த ஒரு பையன் ஷிப்டு முடிந்து வரும்போது பிடிபட்டான். அவனுடைய கார்டு கான்டிராக்டர் பீரோவில் பூட்டிக் கிடந்தது. தமிழும் தெரியாது. கேள்விப்பட்டு நாங்கள் மூன்று பேர் ஸ்டேஷன் வாசலுக்குப் போனோம். கூச்சல் போடவில்லை. "எந்த வழக்கு? கைதுக் குறிப்பு எங்கே?" என்று இரண்டே கேள்வி கேட்டோம். கேஸ் எதுவும் இல்லை. விடியுமுன் பையன் எங்களோடு நடந்து வந்தான். மறுநாள் மில் வாசலில் தொழிலாளர்கள் கேட்டு, பூட்டி வைத்த கார்டுகளைத் திரும்ப வாங்கினார்கள்.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. அதைக் கேட்பதற்கு ஆள் வேண்டும். தனி ஆள் கேட்டால் அதட்டல்தான் பதிலாக வரும். நாலு பேர் கேட்டால் சட்டம் பேசும். தமிழனானாலும் பீகாரியானாலும், பக்கத்து ஸ்பிண்டிலில் நிற்பவன் நம்மவன். அவன் பிடிபட்டான் என்று கேட்டால் அன்றிரவே போங்கள். நாளைக்கு உங்களுக்காக அவன் வருவான்.