மலைக்கு மீளுமா காட்டெருது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே இளைஞர் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று சிறிது மயங்கினோம். சமயத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் எம்மிலும் நன்கறிந்த பெரியோர்கள் இம்மேடையில் பேசியிருக்கிறார்கள். ஆகையால் நாம் மாட்டைப் பற்றிப் பேசத் துணிந்தோம். யாரும் சிரிக்க வேண்டாம். தை மாதத்திலே கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்திலே மாலையிட்டு, பொங்கல் ஊட்டுகிறோமே, அந்த மாட்டின் மூதாதையைப் பற்றியே பேசப் போகிறோம்.

வீட்டு மாடு என்று ஒன்று ஆதியில் இருந்ததில்லை. இருந்தது காட்டு மாடு. ஐரோப்பாவிலிருந்து இந்தியா வரையும் பரவியிருந்த அந்தப் பெருங்காளையை ஆங்கிலத்தில் அவுரொக்ஸ் என்பார்கள். மேல்நாட்டு மாடுகள் அதன் ஒரு கிளையிலிருந்து வந்தவை. திமிலுள்ள எங்கள் கீழைநாட்டு மாடுகள் அதன் இந்தியக் கிளையிலிருந்து வந்தவை. பலூசிஸ்தானத்து மேர்கார் என்னும் இடத்தில் ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே அவை மனிதருடன் வாழத் தொடங்கிவிட்டன. அடங்கிய மாடு பெருகியது. அடங்காத மாடு அழிந்தது. இந்தியக் கிளை முன்னரே மறைந்துவிட, ஐரோப்பாவிலே போலந்து நாட்டு யக்தொரூவ் காட்டில் மாத்திரம் ஒரு சிறு கூட்டம் எஞ்சியது. 1564இல் அங்கே 38 உருப்படிகள் எண்ணப்பட்டன. 1620இல் ஒரே ஒரு பசு. 1627இல் அதுவும் இறந்தது.

நாம் படித்தது மிஷன் பாடசாலையில். அங்கே யோபுவின் ஆகமம் வாசிக்கும்போது, காண்டாமிருகம் உன் தொழுவத்தில் தங்கி உனக்கு ஊழியம் செய்யுமா என்ற கருத்தில் ஒரு கேள்வி வரும். காண்டாமிருகத்தை யார்தான் தொழுவத்தில் கட்டுவார் என்று அந்நாளில் நாம் வியந்ததுண்டு. பிற்பாடே தெரிந்தது: எபிரேய மூலத்திலுள்ள ரேம் என்ற சொல் இந்தக் காட்டுக் காளையைக் குறிப்பதென்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். விலங்கு மறைந்தபடியால் அதன் பெயரும் பொருள் மறைந்து, மொழிபெயர்த்தவர்கள் வேறொரு விலங்கின் பெயரை இட்டுவிட்டார்கள். ஓர் உயிர் அழிந்தால் அதனோடு ஒரு சொல்லும் அழிகிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

நண்பர்களே, எங்கள் இலங்கைத் தீவிலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது. அது ‘கவர’. றொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து, 1679இல் தப்பிப் போனார். 1681இல் அவர் வெளியிட்ட நூலிலே, அரசனுடைய விலங்குகளிடையே தாம் கண்ட ஒரு பிராணியை வருணிக்கிறார். காளையைப் போன்றது; முதுகு கூர்மையான வரம்பு போல் உயர்ந்தது; நான்கு கால்களும் பாதிவரை வெள்ளை; அப்படி ஒன்றைத்தான் கண்டேன் என்கிறார். இந்தியக் காட்டெருதைப் பார்த்த எவரும் அது இதுதான் என்பார்கள். சங்கப் புலவர்கள் ஆமா என்று பாடியதும் இதனையே. இரத்தினபுரி மாணிக்கக் கல் குழிகளிலே கிடைத்த புராதன எலும்புகளைக் கொண்டு, இத்தீவிலும் இவ்விலங்கு வாழ்ந்தது என்பதைக் கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல நிறுவி, அதற்கு இலங்கையின் பெயரையே இட்டார். மஸ்கெலியாப் பக்கத்திலுள்ள கவரவிலத் தோட்டத்தின் பெயரும் கவரவின் குளம் என்று பொருள்படுவதாகச் சொல்லுவோர் உண்டு. விலங்கு போய்விட்டது, பெயர்ப்பலகை நிற்கிறது.

போன விலங்கை மீட்க முடியுமா? முடியும் என்று முதலில் முயன்றவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெக் சகோதரர்கள். ஒருவர் மியூனிச் மிருகக்காட்சிச்சாலைக்கும் மற்றவர் பெர்லின் மிருகக்காட்சிச்சாலைக்கும் தலைவர்கள். முறையோ மிகவும் எளிது. லயத்துப் பின்புறத்திலே மாடு வளர்க்கும் எங்கள் பெரியோருக்கு அது புதியதுமன்று. பால் நிறையக் கறக்கும் பசுவின் கிடாரிக் கன்றை வளர்க்க வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அவர்கள் அதையே தலைகீழாகச் செய்தார்கள். மூதாதையின் குணங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெவ்வேறு மாட்டினங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றில் கொம்பின் வளைவு, ஒன்றில் கரிய நிறம், ஒன்றில் நீண்ட கால். அவற்றைச் சேர்த்துச் சேர்த்து ஈனவைத்தால், சிதறியது ஒன்றுகூடும் என்பது அவர்களது எண்ணம். 1930களிலே, அவுரொக்ஸ் மீண்டுவிட்டது என்று பறைசாற்றினார்கள். ஆனால் பிறந்தது உருவத்தில் சிறியது. உள்ளபடி வேறொரு வீட்டு மாடே. போதாக்குறைக்கு, பெர்லின் சகோதரர் நாஜித் தலைவர்களோடு கூடி, ஜெர்மனியின் பழைய காட்டுப் பெருமை என்ற வீண் கனவுக்கு அந்த மாட்டையும் பூட்டினார். ஒரு விலங்கை மீட்கும் போர்வையிலே மனிதரை விரட்டும் எண்ணமும் நுழையக்கூடும் என்பதை இளைஞர்களாகிய நாம் மறந்துவிடக்கூடாது.

இக்காலத்தார் அதனிலும் கவனமாக இருக்கிறார்கள். ஒல்லாந்திலே 2008இல் தொடங்கிய தௌரொஸ் என்னும் திட்டத்தில் ஸ்பானிய, போர்த்துக்கீச, இத்தாலிய நாட்டுப் பழைய இனங்களைக் கலந்து வருகிறார்கள். 2015இல், பிரித்தானியக் குகையொன்றில் கிடைத்த ஏறத்தாழ 6,750 ஆண்டுப் பழைய அவுரொக்ஸ் எலும்பிலிருந்து அதன் மரபணு முழுவதையும் படித்துவிட்டார்கள். ஆகவே, பிறக்கும் கன்று மூதாதைக்கு எவ்வளவு கிட்டியது என்று இப்போது ஒப்புநோக்க முடிகிறது. எனினும் அவர்களே ஒப்புக்கொள்வது யாதெனில், அவர்கள் உண்டாக்குவது செத்த அவுரொக்ஸ் அன்று. அதன் வேலையைச் செய்யத்தக்க ஒரு மாடு. புல்லை மேய்ந்து, புதரை மிதித்து, சாணத்தால் வண்டுக்கும் பறவைக்கும் உணவளித்து, வெளியும் காடுமாக நிலத்தைப் பேணுவதே அந்த வேலை.

அதே ஒல்லாந்திலே நடந்த இன்னொரு கதையையும் கேளுங்கள். கடலிலிருந்து மீட்ட நிலத்தில், ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்ற சரணாலயத்திலே, 1983இல் ஹெக் மாடுகளை விட்டார்கள். குதிரையும் மானும் பின்னர் வந்தன. தீனி போடுவதில்லை, இயற்கையே நடத்தட்டும் என்றார்கள். ஆனால் சுற்றிலும் வேலி. கூட்டம் பெருகிற்று; குளிர் வந்தபோது வேறிடம் போக வழியில்லை. 2017க்கும் 2018க்கும் இடைப்பட்ட குளிர்காலத்திலே 3,000க்கு மேற்பட்ட விலங்குகள் மடிந்தன. அவற்றிற் பெரும்பாலானவை பட்டினியில் வாடியவை என்று காவலர்களே சுட்டவை. பொறுக்கமாட்டாத ஊரார் வேலிக்கு மேலால் வைக்கோலை எறிந்தார்கள். விலங்கைக் கொண்டுவருவது எளிது, அதற்கு வீடு கொடுப்பதே அரிது என்பது இதனால் விளங்கும்.

காட்டெருது விஷயத்தில் எமக்கு ஒரு பாக்கியம் உண்டு. ஐரோப்பாவிலே மூலமே அழிந்தது. இங்கோ எங்கள் கிளை மாத்திரமே அழிந்தது. இந்தியாவிலே அதன் உறவினம் உயிரோடிருக்கிறது. ஆகையால் கலந்து உண்டாக்க வேண்டியதில்லை. கொண்டுவந்து விட்டாற் போதும். மத்தியப் பிரதேசத்திலே பாந்தவகட் காட்டில் காட்டெருது அற்றுப்போயிருந்தது. கான்ஹா காட்டிலிருந்து 2011இல் 19ஐயும் 2012இல் 31ஐயும் லொறியிலேற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். அவை அங்கே தங்கிப் பெருகிவிட்டன. எங்கள் நாடும் இந்தியாவிடம் காட்டெருதுகளைக் கேட்டிருக்கிறது என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது.

அச்செய்தியை வாசித்தபோது எமது நெஞ்சு துள்ளியது உண்மை. அன்று மாலையே அதனை எமது அப்பாயியிடம் சொன்னோம். அவர் துள்ளவில்லை. ஏன் என்று கேளுங்கள்.

1964இல் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதன் பின்னர் அப்பாயியின் தங்கை குடும்பம் கப்பலேறிற்று. 1968 தொடக்கம் தமிழ்நாட்டு அரசு எங்களவருக்கென்று தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தது நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம். அங்கே கொழுந்து மலைக்குள்ளேயே காட்டெருது நிற்கிறது. ஒரு கடா ஆயிரம் கிலோ எடை வரும். ஆள் உயரத் தோள். பனிமூட்டத்திலே கரும்பாறை என்று நினைத்துக் கிட்டப் போனவர்கள் முட்டுப்பட்டிருக்கிறார்கள்; உயிரிழந்தவர்களும் உண்டு. “அது நல்ல சாதி மாடுதான்யா. ஆனா காலங்காத்தால கொழுந்துக்குப் போறது நீயா, உன் பேப்பர்ல எழுதுறவரா?” என்று அப்பாயி கேட்டார்.

சபையோரே, அந்தக் கேள்விக்கு நாம் படித்த எந்தப் புத்தகத்திலும் விடையில்லை. அந்தக் கேள்வியே இன்றைய எமது பேச்சின் உயிர்.

இந்த ஊவா மலைகள் ஒருகாலத்தில் பெருங்காடு. பதுளையிலே அரசாங்க உத்தியோகத்தராயிருந்த மேஜர் ரொஜர்ஸ் என்ற துரை 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையிலே மின்னல் தாக்கி மாண்டார். காடு கோப்பியாயிற்று, கோப்பி தேயிலையாயிற்று. காட்டை வெட்டியது எங்கள் முப்பாட்டனின் கை. வெட்டச் சொன்னது வேறு ஒருவரின் வாய். இலாபமும் அவருக்கே. வெட்டிய மலை வழுக்கி விழுந்தபோது, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையிலே, மண்ணுக்குள் போனது எங்கள் லயம். இப்போது காட்டை மீட்போம், விலங்கை மீட்போம் என்கிறார்கள். நல்லது, மீட்கத்தான் வேண்டும். ஆனால் காடு போனபோதும் விலை கொடுத்தவன், காடு வரும்போதும் தனியே விலை கொடுப்பது நியாயமா?

ஆகையால் காட்டெருது வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. மூன்று காரியங்கள் முதலில் நடக்க வேண்டும் என்கிறோம். ஒன்று, விலங்கு விடப்படும் மலையில் வேலை செய்கிறவர்களை, துரைமாரை மட்டுமல்ல, கொழுந்தெடுக்கும் பெண்களை, முன்கூட்டியே கேட்க வேண்டும். இரண்டு, உயிருக்கோ மாட்டுக்கோ தோட்டத்துக்கோ சேதம் வந்தால் யார், எவ்வளவு, எத்தனை நாளில் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். போலந்து அரசன் நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே காட்டு மாட்டைக் காத்த கிராமத்தாருக்கு வரிச்சலுகை கொடுத்தான். மூன்று, துண்டு துண்டாய்க் கிடக்கும் காடுகளை ஆற்றோரமாகவும் மலை முகடாகவும் இணைக்க வேண்டும். வேலிக்குள் விட்டால் ஒல்லாந்தின் கதைதான்.

இவையெல்லாம் அரசாங்கத்தார் செய்வன. நாம் செய்வதற்கு ஒன்றுமில்லையா? உண்டு, அதைச் சொல்ல எமக்குச் சிறிது வெட்கமாகவும் இருக்கிறது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டு, சில நாளில் இறந்தது. இத்தீவிலே அத்தகைய சிறுத்தை மிக மிக அரிது. காட்டுப்பன்றிக்கென்று வைக்கும் சுருக்கு பன்றியை மட்டும் தெரிந்து பிடிப்பதில்லை. அப்படிப்பட்ட சுருக்குகள் எங்கள் மலையிலும் உண்டு. யார் வைப்பது என்று இச்சபையிலே பலருக்குத் தெரியும். நாமும் சிறுவயதில் மாமன்மாரோடு போய், சுருக்கு வைப்பதை வேடிக்கை பார்த்தவர்கள்தாம்.

எனவே இச்சங்கத்தின் இளைஞர்களுக்கு எமது விண்ணப்பம் இரண்டு. முதலாவது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானமாக எல்லைக் காட்டுக்குப் போய், கிடைக்கும் சுருக்குகளை எடுத்து வருவோம். வைத்தவரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் பேசுவோம். தோட்டத்தைப் பன்றி அழிப்பதால்தான் அவர் வைக்கிறார். அவர் குறையையும் கேட்டு, வேலியடைக்கக் கை கொடுப்போம். இரண்டாவது, எங்கள் பெரியோருக்குத் தெரிந்த ஓடை, பாறை, மலைப் பெயர்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். எந்தப் பெயருக்குள் எந்த விலங்கு ஒளிந்திருக்கிறதோ, யார் அறிவார்?

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே போன காட்டெருது என்றாவது ஒருநாள் இம்மலைக்கு வரட்டும். வரும்போது, இருந்த சிறுத்தையையும் மரையையும் காத்த மக்கள் இவர்கள் என்ற பெயரோடு நாம் எதிர்கொள்வோம். அப்போதுதான், எங்களையும் கேட்டுச் செய்யுங்கள் என்று சொல்லும் வாய்க்கு வலிமை பிறக்கும். அதுவரை, போனதற்கு ஏங்குமுன், இருப்பதைக் காப்போமாக.