கற்பனை அணியும் கைம்முதலும்

(செம்பூரில் நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

விழாக் குழுவினர் எம்மைப் பேசப் பணித்தபோது யாம் பெரிதும் தயங்கினோம். புலவர் பெருமக்கள் நின்று பேசிய இம்மேடையில், இரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதும் யாம் எதனைப் பேசுவது? "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார் செயலாளர். எமக்குத் தெரிந்தவை கூட்டலும் கழித்தலுமே. ஆதலால், நம் காலனிப் பிள்ளைகளும், பிள்ளைகளைப் பெற்றோருட் சிலரும் கைப்பேசியில் ஆடிவரும் கற்பனை அணி ஆட்டத்தின் கூட்டல் கழித்தலையே இன்று எடுத்துக்கொண்டோம். இதில் எம் சொந்தக் கணக்கும் ஒன்று உண்டு. அதனை மறைக்கப் போவதில்லை.

பெரியோர் சிலருக்கு இவ்வாட்டம் புதிதாய் இருக்கலாம். மைதானத்தில் வேறு எவரோ ஆடுவர். நாம் வீட்டிலிருந்தபடியே அவர்களுள் சிலரைப் பொறுக்கி ஓர் அணியாக எழுதிக்கொள்வோம். அவர்கள் உண்மையாட்டத்தில் போடும் கோலுக்கும் எடுக்கும் ஓட்டத்துக்கும் ஏற்ப நம் அணிக்குப் புள்ளிகள் சேரும். அமெரிக்காவில் ஓக்லண்டு அணியின் பங்குதாரருள் ஒருவராயிருந்த வில்பிரட் விங்கன்பாக் என்பார், 1962-இல் நண்பர் சிலருடன் கூடி, அந்நாட்டுப் பந்தாட்டத்துக்கு இவ்வாறு விதிகள் வகுத்தார். அடுத்த ஆண்டிலேயே அங்கு முதல் அணித்தெரிவு நடைபெற்றது. பின்னர் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துக்கும் இத்தகைய ஆட்டம் வந்தது. நம் மும்பையில் ஹர்ஷ் ஜெயின், பவித் சேட் என்னும் இருவர் 2008-இல் தொடங்கிய ட்ரீம் 11 இதனைக் கிரிக்கெட்டின் துணையால் நாடெங்கும் பரப்பியது.

இவ்வாட்டத்துக்குக் கலைகள் இரண்டு. ஒன்று ஆளைத் தெரிதல். மற்றொன்று கைம்முதலைக் காத்தல். முதலாவதை முதலிற் காண்போம்.

பிரீமியர் லீக் ஆட்டத்தில் ஒருவருக்குப் பத்துக் கோடி பவுன் கற்பனைப் பணமாகத் தரப்படுகிறது. அதனைக்கொண்டு 15 பேரை எடுக்கவேண்டும். கோல் காவலர் 2, தடுப்பாளர் 5, நடுவரிசையினர் 5, முன்வரிசையினர் 3 என்பது கணக்கு. ஒரே கழகத்திலிருந்து 3 பேருக்கு மேற்படலாகாது. முன்வரிசைக்காரன் கோல் போட்டால் 4 புள்ளி. நடுவரிசைக்காரன் போட்டால் 5. தடுப்பாளன் போட்டால் 6. கேப்டனாக நாம் குறிப்பவனின் புள்ளி இரட்டிப்பாகும்.

இளைஞர்களே! இதில் நாம் கற்கத்தக்கவை பல. முதலாவது, ஒருவன் எவ்வளவு வல்லவன் என்பதற்கு முன், அவன் அன்று களமிறங்குவானா என்று பார்க்கவேண்டும். வெளியே அமர்ந்திருக்கும் வீரனைவிட முழு நேரம் ஓடும் உழைப்பாளி மேல். இரண்டாவது, அடுத்த நான்கைந்து வாரங்களில் அவனுடைய கழகம் எவரை எதிர்க்கிறது என்று நிரலைப் பார்க்கவேண்டும். மூன்றாவது, ஒரே ஆற்றலுள்ள இருவருள் பெனால்டி உதைப்பவனையே எடுக்கவேண்டும். நான்காவது, ஒரு வாரத் தோல்விக்காக அணியைக் கலைத்தலாகாது. அளவுக்கு மேல் ஆள் மாற்றினால் ஒவ்வொருவருக்கும் 4 புள்ளி கழியும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். பொறுமையின்மைக்கு அபராதம் என்க.

ஐந்தாவது பாடம், விலை வேறு, பயன் வேறு என்பது. 2024 நவம்பரில் ஜெட்டா நகரில் ஐ.பி.எல். ஏலம் நடந்ததை நாம் அனைவரும் பார்த்தோம். ஓர் அணியின் மொத்தக் கைம்முதல் 120 கோடி ரூபாய். அதில் 27 கோடியை ரிஷப் பந்த் ஒருவருக்கே லக்னோ அணி கொடுத்தது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடமே அடங்கிவிட்டது. 2025 போட்டியில் லக்னோ பத்து அணிகளுள் ஏழாவதாக வந்தது. பந்த் பெரிய ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆனால், பெரிய பெயரை வாங்குவதும் நல்ல அணியைக் கட்டுவதும் ஒன்றல்ல.

ஏலமின்றி முறைவைத்து எடுப்பதும் உண்டு. பத்துப் பேர் கூடினால் முதற்சுற்றில் 1 முதல் 10 வரை. இரண்டாம் சுற்றில் 10 முதல் 1 வரை. பாம்பு வளைவதுபோல முறை திரும்பும். ஒருவர் எடுத்த ஆட்டக்காரனை மற்றொருவர் எடுக்க இயலாது. இங்கே சூட்சுமம் யாதெனில், எந்த இடத்துக்கு நல்ல ஆட்கள் விரைவில் அருகிப்போவார்களோ அந்த இடத்தை முதலில் நிரப்பிக்கொள்வதே. கோல் காவலர் கடைசிவரை கிடைப்பர். தவறாது கோல் போடுவோர் மிகச் சிலரே. சந்தைக்குச் செல்லும் நம் தாய்மார்கள் அறியாத கலையன்று இது.

இதுவரை கூறியது அறிவு. இதனைக் கற்பதில் எமக்கு எவ்வித மறுப்பும் இல்லை. தொல்லை தொடங்குவது பணம் கட்டும் இடத்தில்.

ஒரு போட்டியில் இருவர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டுகின்றனர் என்க. சேர்ந்தது 100 ரூபாய். நடத்துவோர் 10 ரூபாயை எடுத்துக்கொண்டு, வென்றவருக்கு 90 ரூபாய் தருகின்றனர். வென்றால் நமக்கு மிஞ்சுவது 40. தோற்றால் போவது 50. இப்படி 100 போட்டி ஆடுகிறோம். 55-இல் வென்றால் வரவு 2,200 ரூபாய். 45-இல் தோற்றால் செலவு 2,250 ரூபாய். அதாவது, நூற்றுக்கு ஐம்பத்தைந்து முறை எதிரியை வென்றவனும் 50 ரூபாய் நஷ்டத்தோடுதான் எழுந்திருக்கிறான்! நூற்றுக்கு அறுபது வென்றால் 400 ரூபாய் இலாபம். 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றிப் பணத்தில் 30 விழுக்காடு வருமான வரி. அது போக 280 ரூபாய். அதே ஆண்டு அக்டோபர் முதல், கட்டும் பணத்தின்மீதே 28 விழுக்காடு சரக்கு சேவை வரியும் வந்தது. சரக்கு நிலையத்தில் வேகன் சும்மா நின்றாலும் டெமரேஜ் ஏறிக்கொண்டேயிருக்கும். அதுபோல, எவர் வென்றாலும் நடத்துவோரின் பத்து ரூபாய் ஏறிக்கொண்டேயிருக்கும்.

கைம்முதலைக் காக்கும் முறையென்று சிலர் கூறுவர். ஆட்டப் பணத்தை வீட்டுப் பணத்தோடு கலவாதே. ஒரு போட்டிக்கு இருபதில் ஒரு பங்குக்கு மேல் கட்டாதே. தோற்றதைப் பிடிக்கத் தொகையை உயர்த்தாதே. கடன் வாங்காதே என்பர். யாவும் நல்ல விதிகளே. 100 ரூபாயிற் பாதியை இழந்தவன் பழைய நிலைக்கு மீள, மிஞ்சியதை இருமடங்காக்க வேண்டும் என்பதால், இவ்விதிகளுக்குப் பொருளும் உண்டு. ஆனால், இன்னொன்றும் கேளுங்கள். ஜான் கெல்லி என்னும் அமெரிக்க அறிஞர், பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகையில், கைம்முதலில் எத்தனை பங்கைப் பந்தயத்தில் வைக்கலாம் என்பதற்கு 1956-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். நமக்குச் சாதகம் எவ்வளவோ அந்த அளவுக்கே பணம் வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். மேலே சொன்ன போட்டியில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து வெல்பவனுக்கு அச்சூத்திரம் தரும் விடை, பூச்சியத்துக்கும் கீழே! ஆகவே, மற்ற விதிகள் நஷ்டத்தை மெல்ல வரச் செய்யுமேயன்றி, இலாபமாக்கா.

இனி எம் கணக்கு.

2023-ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டியோடு யாம் இவ்வாட்டத்தில் இறங்கினோம். கணக்கர் அல்லவா! ஒவ்வொரு போட்டியையும் குறிப்பேட்டில் எழுதினோம். 50 ரூபாய் வீதம் முதல் 200 போட்டிகளில் 106 வென்றோம்; 94 தோற்றோம். அலுவலகத்தில் நண்பர்கள் எம்மை வல்லுநர் என்றனர். குறிப்பேடோ 460 ரூபாய் நஷ்டம் என்றது. நண்பர் சொல் இனித்தது, குறிப்பேடு கசந்தது. அந்த 460 ரூபாயைப் பிடிப்பதற்காகத் தொகையை 500 ஆக்கினோம். பூசைக்கு முன் வந்த போனஸில் 6,000 ரூபாய் அவ்வழியே போயிற்று. அத்தோடு குறிப்பேடு எழுதுவதையும் நிறுத்தினோம். நஷ்டம் வந்ததைவிட, எழுதுவதை நிறுத்தியதே பெரிய வீழ்ச்சி என்று இன்று உணர்கிறோம்.

அடுத்து வந்த சனவரியில், நம் காலனிப் பொங்கல் விழா வசூல் எம்மிடம் இருந்தது. நீங்கள் வீடுதோறும் நம்பித் தந்த பணம். ஓர் இரவு, இங்கிலாந்துக் கால்பந்தாட்டம் ஒன்றுக்காக, அவ்வுறையிலிருந்து 2,000 ரூபாயை எடுத்தோம். "காலையில் வைத்துவிடலாம்" என்று மனம் கூறிற்று. எம் அணியின் கேப்டன் அன்று களமிறங்கவேயில்லை. மேலே முதற் பாடமாக யாம் சொன்னதை அன்றுதான் கற்றோம்.

விடியலில் இல்லத்தரசியிடம் உண்மையைச் சொன்னோம். அவர் ஒன்றும் கேளாமல், அரிசிப் பானைக்கடியிலிருந்த சிறுவாட்டுப் பணத்தை எடுத்து உறையில் வைத்தார். உறை நிறைந்தது, எவரும் அறியார். எனினும், மூன்றாம் நாள் சங்கக் குழுவின்முன் சென்று நின்றோம். "கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் சொல்கிறீர்கள்?" என்றார் ஒருவர். "கணக்குச் சரி, கணக்கன் சரியில்லை" என்றோம். குழுவினர் எம்மை விலக்கவில்லை. அன்றுமுதல் வசூலுக்கு இருவர் கையொப்பம் என்று விதி செய்தனர். அவ்விதி இன்றும் இருக்கிறது. அது எம்மால் வந்தது என்பதை நீங்கள் அறியவேண்டும் என்றே இன்று பேசுகிறோம்.

"திறமை ஆட்டம் சூதாகுமா?" என்று படித்த பிள்ளைகள் கேட்கக்கூடும். பழைய கேள்விதான். பரிசுக்காகக் குறுக்கெழுத்துப் போட்டிகளுக்குப் பணம் கட்டி ஏங்கிய காலம் ஒன்று இருந்தது. அதனைக் கட்டுப்படுத்த 1955-இல் பரிசுப் போட்டிச் சட்டம் வந்தது. 1957-இல் உச்ச நீதிமன்றம் திறமைப் போட்டி வேறு, சூது வேறு என்று பிரித்தது. 2017-இல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் கற்பனை அணி ஆட்டத்தைத் திறமையின்பாற் சேர்த்தது. ஆயினும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையாயினும் தற்செயலாயினும், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதைத் தடுத்தது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுவோருக்குத் தண்டனை இல்லை. ட்ரீம் 11 தன் பணப் போட்டிகளை அம்மாதமே நிறுத்தியது.

திறமையா, தற்செயலா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. கட்டணம் போக மிஞ்சுமா என்பதே குடும்பத்தின் கேள்வி. திறமை இருந்தும் யாம் தோற்றோம். சட்டம் வாயிலை அடைத்தாலும், சந்து வழியாக அழைப்போர் இருப்பர். அங்கே இழந்த பணத்துக்கு முறையிட இடமும் இல்லை. வள்ளுவப் பெருந்தகை சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். தோல்வியை மட்டுமன்றி வெற்றியையும் அஞ்சச் சொன்னவர் அவர். எம் 106 வெற்றிகளே எம்மை அந்த உறைவரை இட்டுச் சென்றன.

பெற்றோர்களே! பிள்ளைகள் கைப்பேசியைப் பறிப்பதால் பயனில்லை. பிரீமியர் லீக் நடத்தும் ஆட்டத்துக்குக் கட்டணமே இல்லை. சங்க அறையில் ஒரு கரும்பலகை இருக்கிறது. சாக்குக்கட்டி யாம் வாங்கித் தருகிறோம். ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்தில் பத்துப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாகக் கூடி, முறைவைத்து அணி தெரியட்டும். வென்றவருக்கு ஒரு நல்ல நூல் பரிசு. தோற்றவருக்கு அடுத்த ஆண்டு முதல் தெரிவு. ஒரு காசும் கைமாற வேண்டா. புள்ளிக் கணக்கை எழுதும் வேலையை மட்டும் எமக்குத் தாருங்கள்.

ஏற்கெனவே பணத்தை இழந்து, வீட்டில் சொல்லவியலாமல் தவிக்கும் தம்பி எவரேனும் இக்கூட்டத்தில் இருந்தால், அவருக்கு ஒரு சொல். இன்றிரவே வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லத் துணிவில்லையேல் எம்மிடம் வாருங்கள், உடன் வருகிறோம். எம் வீட்டில் எமக்குக் கிடைத்த மன்னிப்பு உங்கள் வீட்டிலும் இருக்கும்.