கள்ளாமையும் கணினியும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



நம் திருப்பாதிரிப்புலியூரே, சமணப் பள்ளி விளங்கிய பழைய பாடலிபுரம். கி.பி. 458இல் சர்வநந்தி முனிவரின் உலோகவிபாகம் இங்கு எழுதப்பெற்றது என்பர் அறிஞர். எழுத்தை அறமெனக் காத்த மண் இது.

இன்று எழுத்து மின்னஞ்சலாய்ச் செல்கிறது. அதனைக் காக்கும் பொறுப்பேற்றவருள் ஒருவர், ராதா வேம்பு அம்மையார். சென்னை ஐ.ஐ.டி.யில் தொழில் மேலாண்மை பயின்றவர். 1996இல் உடன்பிறந்தாரும் நண்பர்களும் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாறியது. அதன் ஜோஹோ மெயிலை முன்னின்று வளர்த்தவர் இவர். மடல்களை இயந்திரத்தால் படித்து, விளம்பரம் காட்டிப் பிறர் பொருளீட்டிய காலத்தும் இவரது மெயிலில் விளம்பரம் இடம்பெறவில்லை. பிறர் மடலை விலைப்பொருளாக்காமை, நம் அணுவிரதங்களுள் ஒன்றாகிய கள்ளாமையின் இக்கால வடிவமன்றோ?

பெற்றோரே! என்னிடம் பயின்ற மாணவியர் சிலர், கணினிப் பட்டம் பெற்றும் திருமணத்தோடு பணியைத் துறந்தனர். அன்று நான் வாளா இருந்தேன். அது என் பிழை. நம் இல்லங்களில் விரதம் காப்போர் பெரும்பாலும் பெண்களே. அவ்வறம் அடுக்களையோடு நின்றுவிடலாகாது, அலுவலகத்திற்கும் செல்லட்டும்.