கியோட்டோவுக்குப் புறப்படும் கவிஞர்



1916ஆம் ஆண்டில், புதுச்சேரியில் வாழ்ந்துகொண்டிருந்த பாரதியார், சுதேசமித்திரன் இதழில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அதே ஆண்டில் தாகூர் கப்பலேறி ஜப்பான் மண்ணிலேயே சென்று இறங்கினார். பாரதியாருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ 1984இல் வெளிவந்தது முதல் தமிழில் வந்துள்ள ஹைக்கூ நூல்கள் மிகப் பல. அவற்றைப் படைத்தோரிலும் பெரும்பாலோர் அந்த வடிவம் பிறந்த ஊரையும் அதன் மழையையும் ஆங்கில மொழிபெயர்ப்புகளின் சாளரம் வழியாகவே கண்டவர்கள். அதில் குறை ஒன்றுமில்லை. ஆயினும் அவருள் ஒருவர், கையில் சேர்ந்த சிறு பொருளைக் கொண்டு ஒரே ஒருமுறை கியோட்டோவுக்குச் சென்று வர எண்ணுகிறார் எனக் கொள்வோம். எட்டு நாள்கள்தாம் அவருக்கு உண்டு. இரண்டாம் முறை செல்ல வாய்ப்பு இராது. எப்பொழுது செல்வது, எதைக் காண்பது, எதைக் காணாமல் விடுவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

கியோட்டோ என்னும் பெயருக்குத் தலைநகர் என்பதுதான் பொருள். அப்பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் தனித்தனியே தலைநகரையே குறிப்பன. 794இல் கன்மு பேரரசர் இங்கு நகர் அமைத்தார். 1869இல் பேரரசர் தோக்கியோவில் நிலையாகத் தங்கிவிட்ட பின்னரும் ஊருக்குப் பெயர் மாறவில்லை. ஆட்சி போன பின்னும் தலைநகர் என்றே அழைக்கப்பெறும் ஊர் அது.

முதலில் பருவம். பயண நிறுவனங்களைக் கேட்டால் இரண்டே விடைகள் கிடைக்கும்: செர்ரி மலரும் மார்ச்சு இறுதி, ஏப்ரல் தொடக்கம், மேப்பிள் இலை சிவக்கும் நவம்பர் பிற்பகுதி. இவ்விரு காலங்களிலும் விடுதிக் கட்டணம் உச்சத்தில் நிற்கும். கோயில் வாயில்களில் மனிதத் தலைகளுக்கு மேலேதான் மலரைக் காண வேண்டியிருக்கும். அன்றியும், மலர் இப்போது நாள் தவறுகிறது. கியோட்டோவில் செர்ரி முழுமையாக மலர்ந்த நாளைக் குறிக்கும் பதிவுகள் கி.பி. 812 முதல் கிடைக்கின்றன. அவை அரசவையினர் எழுதிய நாட்குறிப்புகளிலும், மலர் காணும் விருந்துகளில் பாடிய பாடல்களிலும் இருந்து திரட்டப்பட்டவை. பல நூற்றாண்டுகளாக அந்நாள் ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியே வந்தது. 2021இல் மார்ச்சு 26ஆம் நாளே முழு மலர்ச்சி. அதுவரையிலான பன்னிரண்டு நூற்றாண்டுப் பதிவில் அதைவிட முந்தியது இருந்ததில்லை. விருந்தையும் காதலையும் பாடக் கருதிப் புலவர் குறித்து வைத்த நாளைப் புவி வெப்பமடைதலை அளக்க அறிவியலார் இன்று எடுத்தாளுகின்றனர். தாம் எதற்குச் சான்று எழுதுகிறோம் என்பதை அப்புலவர்கள் அறிந்திருக்க வழியில்லை. ஹைக்கூவின் உயிர்நிலையாகக் கருதப்படும் பருவச்சொல் நாட்காட்டியிலிருந்து நழுவி வருகிறது என்பதும் இங்கே எண்ணத்தக்கது. ஆறு மாதம் முன்னதாகச் சீட்டு வாங்கும் ஒருவர் மலரை நம்பிப் புறப்படுதல் சூதாட்டமே ஆகும்.

எனவே மூன்றாவது ஒரு விடை உண்டு. இலைகள் பெரும்பாலும் உதிர்ந்து முடிந்த டிசம்பர் முதல் இரு வாரங்கள். அக்காலத்தில் கியோட்டோவின் வடமலைகளிலிருந்து திடீரென ஒரு மெல்லிய மழை இறங்கும். ஒரு தெருவை நனைத்துவிட்டு அடுத்த தெருவுக்கு வருமுன் நின்றுவிடும். ‘ஷிகுரே’ என்பது அதன் பெயர். பூவுக்கு அடுத்தபடி ஜப்பானியப் பாட்டில் மிகுதியாகப் பயின்று வந்த பருவச்சொற்களுள் அதுவும் ஒன்று. பாஷோ மறைந்த நாளுக்கே ‘ஷிகுரே நினைவு நாள்’ என்று ஒரு பெயர் உண்டு. கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதுகளாகப் பிரித்தறிந்த மரபில் வந்தவருக்கு அம்மழையின் அருமை விளங்காமல் போகாது. பகலில் குளிர் 10 பாகை அளவில் இருக்கும். விடியலில் அதனினும் கடுமை. கம்பளி ஆடைக்குச் செலவிடும் தொகையை விடுதிக் கட்டணத்தில் மிச்சம் பிடித்துவிடலாம்.

செல்லும் வழியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. கியோட்டோவுக்கென விமான நிலையம் கிடையாது. ஒசாகா விரிகுடாவில் கடலைத் தூர்த்து அமைத்த கான்சாய் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து தொடர்வண்டியில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். புலால் உண்ணாதோர் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும்: காய்கறி மட்டுமே மிதக்கும் சாறும் பெரும்பாலும் உலர்ந்த மீனில் காய்ச்சியதாகவே இருக்கும். கோயில்களை ஒட்டிய சில உணவகங்களில் துறவியர் மரபுப்படி சமைக்கும் ‘ஷோஜின்’ உணவு கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல்.

இனி நகரம். செல்பவர் தம் உள்ளத்தில் கொண்டு செல்லும் கியோட்டோ, முரசாக்கி அம்மையார் கெஞ்சியின் கதையை எழுதிய பதினோராம் நூற்றாண்டுத் தலைநகராகவே பெரும்பாலும் இருக்கும். அந்த நகரம் இன்று இல்லை. சீனத்துச் சாங்கான் நகரைப் பார்த்து, சதுரங்கப் பலகை போல் தெருக்களை வகுத்து அமைத்த ஊர் அது. நடுவே தெற்கு வடக்காக ஓடிய சுசாக்கு பெருவீதியின் அகலம் 80 மீட்டருக்கும் மேல். அதன் தென்கோடியில் நின்றது ராஷோமோன் வாயில். அகுதாகவாவின் சிறுகதையாலும் குரோசாவாவின் 1950ஆம் ஆண்டுத் திரைப்படத்தாலும் உலகறிந்த பெயர். இன்று அவ்விடத்தில் சிறுவர் விளையாடும் சின்னஞ்சிறு பூங்காவும், ஒரு கல்தூணும் உள்ளன, அவ்வளவே. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போர் ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. பழைய நகர எல்லைக்குள் இன்று நிற்கும் மரக் கட்டடங்களுள் மிகத் தொன்மையானது செம்போன் ஷாக்காதோ கோயிலின் மூலமண்டபம். அதுவும் 1227இல் எழுந்ததுதான். முரசாக்கி வாழ்ந்த மனை இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் இன்று ரோசான்-ஜி கோயில் உள்ளது. இப்போதைய அரண்மனைக் கட்டடம் 1855இல் கட்டியது. பழைய அரண்மனை இருந்த இடமும் அதுவன்று.

இவ்வழிவைப் பற்றி அவ்வூர்ப் புலவர்களே மிகத் தெளிவாக எழுதியுள்ளனர். கமோ நோ சோமெய் 1212இல் முடித்த ‘ஹோஜோக்கி’ என்னும் சிறுநூல், 1177இன் பெருந்தீ, 1180இன் சுழற்காற்று, அவ்வாண்டே தலைநகரைத் திடீரென ஃபுகுஹாராவுக்கு மாற்றிய குழப்பம், தொடர்ந்த பஞ்சம், 1185இன் நிலநடுக்கம் ஆகியவற்றை வரிசையாகக் கூறி, இறுதியில் பத்தடிச் சதுரக் குடிசைக்குள் ஒதுங்கிய ஒருவரின் மனத்தைக் காட்டுகிறது. பயணத்திற்கு முன் ஒரே ஒரு நூலைத்தான் படிக்க இயலுமெனில் அதுவே போதும். வழிகாட்டி நூல்கள் காட்டாத கியோட்டோ அதில் உண்டு.

1945இல் மற்றோர் அழிவு மிக அருகில் வந்து விலகியது. அணுகுண்டு வீசத் தேர்ந்த நகரங்களின் பட்டியலில் கியோட்டோ இருந்தது. அமெரிக்கப் போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் வற்புறுத்தி அதை நீக்கினார். பின்னர் பட்டியலில் சேர்ந்த ஊர் நாகசாகி. கியோட்டோவின் மரத் தெருக்களில் நடப்பவர் இந்த மாற்றத்தை மறந்து நடத்தல் எளிதன்று.

எட்டு நாளில் புலவர்களுக்கென மூன்று நாளையேனும் ஒதுக்குதல் தகும்.

ஒரு நாள் இச்சிஜோஜி. நகரின் வடகிழக்கே, தெமாச்சியானகியிலிருந்து எய்சான் சிறுதொடர்வண்டியில் செல்லலாம். அங்குள்ள ஷிசென்தோ இல்லத்தை 1641இல் கட்டியவர் இஷிகாவா ஜோசான். தொகுகாவா படையில் போரிட்டு, ஒசாகா முற்றுகையில் ஆணையை மீறி முன்னேறியதால் பணி இழந்த வீரர் அவர். அதன்பின் நூலும் தோட்டமுமாக வாழ்ந்து, 1672 வரை இருந்தார். ஓர் அறையின் சுவர் மேற்புறத்தில் சீனக் கவிஞர் முப்பத்தாறு பேரின் உருவங்கள். தீட்டியவர் கானோ தன்யூ. ஒரு நாட்டின் கவிஞர் தம் வீட்டில் இன்னொரு நாட்டின் கவிஞர்களை இவ்வாறு குடிவைத்த செய்தி எந்தத் தமிழ்க் கவிஞர்க்கும் உவப்பளிக்கும். தோட்டத்தில் ஒரு மூங்கிற்குழாய் நீர் நிரம்பித் தாழ்ந்து, நீரைக் கொட்டிவிட்டு மீண்டு கல்லில் மோதும். பன்றியையும் மானையும் விரட்ட அமைத்த ஒலி அது. இன்று அடுத்த ஒலி எப்போது எழும் என்று மனிதர் காத்திருக்கின்றனர்.

அங்கிருந்து சில நிமிட நடையில் கொன்புகு-ஜி. பாஷோவின் நினைவாக அங்கிருந்து அழிந்துபோன குடிலை, அவர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் 1776இல் பூஸனும் நண்பர்களும் மீண்டும் எழுப்பினர். பூஸனின் கல்லறையும் அக்குடிலுக்கு மேலே சரிவில் உள்ளது. தம் ஆசானாகக் கொண்டவரை ஒரு நாளும் கண்டிராதவர் பூஸன். பாஷோ மறைந்து இருபத்திரண்டு ஆண்டு கழித்துப் பிறந்தவர். நூல் வழியாக மட்டும் ஹைக்கூ கற்றவர் தமிழ்க் கவிஞர் மட்டுமல்லர் என்பது அங்கே நிற்கையில் நன்கு விளங்கும்.

மற்றொரு நாள் சாகா. மூங்கிற்காட்டைக் காண வரும் பெருங்கூட்டத்தோடுதான் அங்கு இறங்க வேண்டும். கால் மணி நேரம் நடந்தால் கூட்டம் கரைந்து, ரகுஷிஷா குடில் வரும். ‘உதிர்ந்த சீமைப் பனிச்சைக் குடில்’ என அப்பெயரை விரிக்கலாம். பாஷோவின் மாணாக்கர் கியோராய், தோட்டத்து நாற்பது மரங்களின் கனிகளை ஒரு வணிகருக்கு விலைபேசி முடித்தார். அன்றிரவே காற்றடித்து அத்தனையும் உதிர்ந்தன. நட்டத்தையே வீட்டுக்குப் பெயராக்கிய அந்த நகைச்சுவை, கியோராயின் பாக்களைவிட நீண்ட ஆயுள் பெற்றது எனலாம். இப்போதுள்ள குடில் 1770இல் மறுபடி கட்டியது. சுவரில் வைக்கோல் மழையங்கியும் குடையோலைத் தொப்பியும் தொங்கினால், இல்லத்தார் உள்ளே இருக்கிறார் என்று பொருள். 1691இல் பாஷோ இங்கு இரண்டு வாரங்களுக்கு மேல் தங்கி ‘சாகா நாட்குறிப்பு’ எழுதினார். மேசையில் கெஞ்சியின் கதையும், சீனக் கவிஞர் பை ஜூயியின் நூலும் இருந்தன என்று அதில் குறிக்கிறார். முந்திய ஆண்டு இறந்துபோன மாணாக்கர் தொகொகுவைக் கனவில் கண்டு அழுதுகொண்டே விழித்ததையும் அதில் எழுதியிருக்கிறார். குடிலின் பின்புறம் கியோராயின் கல்லறை. ஒரு முழ உயரமும் எட்டாத, செதுக்காத கல். அதில் அவர் பெயரின் இரண்டு எழுத்துகள். கல்லறையைத் தேடி வருவோர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுவதுண்டு.

எதை விடுவது என்பதில் கருத்து வேறுபாடு எழலாம். தங்க மண்டபத்தை விடலாம் என்பது இவ்வுரையின் துணிபு. பழைய மண்டபம் 1950இல் ஓர் இளந்துறவி இட்ட தீயில் அழிந்தது. இன்றுள்ளது 1955இல் எழுந்தது. மிஷிமாவின் புதினத்தைப் படித்தவர்க்கு எரிந்த மண்டபமே மனத்தில் நிற்கும். ஜியோனின் குறுகிய தனியார் சந்துகள் 2024 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு அடைக்கப்பட்டன. தெருவில் நடந்து செல்லும் கெய்ஷா மகளிரை விரட்டி விரட்டிப் படமெடுத்தவர்களால் நேர்ந்த விளைவு அது. நகரப் பேருந்துகளில் ஊராருக்கே இடமில்லாமல் போனதால், பேருந்துக்கு மட்டுமான ஒரு நாள் சீட்டையும் நகரசபை நிறுத்திவிட்டது. ஏறத்தாழ 14 லட்சம் மக்கள் குடியிருந்து, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சென்றுவரும் ஊர் அது. விருந்தினராகச் செல்பவர் சுரங்க வண்டியிலும் கால்நடையாகவும் செல்வதே முறை.

ரியோவான்-ஜியின் கற்தோட்டத்தை விடக் கூடாது. ஆனால் வாயில் திறக்கும் நேரத்திலேயே சென்றுவிட வேண்டும். அங்குள்ள பதினைந்து கற்களையும் திண்ணையில் எங்கு அமர்ந்தாலும் ஒருசேரக் காண இயலாது. எண்ணத் தொடங்குபவர் வேறொன்றையும் காணாமல் திரும்புவார். எண்ணாமல் அமர்ந்திருப்பது நன்று. பாசிக் கோயில் எனப்படும் சாய்ஹோ-ஜிக்கு முன்னதாக விண்ணப்பித்தால்தான் நுழைவு. அஞ்சலட்டை எழுதி விடைக்குக் காத்திருந்தது பழைய வழக்கம். அண்மைக் காலத்தில் கணினி வழியாகவும் விண்ணப்பிக்கலாம். உள்ளே சென்றவர் தூரிகை பிடித்துப் புத்த சூத்திரத்தின் எழுத்துகளைப் படியெடுத்த பின்பே தோட்டத்திற்குச் செல்வது வழக்கம். மொழியறியாதவரும் அதைச் செய்யலாம். தமிழில் எழுதிப் பழகிய விரலுக்கு அவ்வெழுத்தின் கோடுகள் எத்தனை அயலானவை என்பது அப்போது தெரியும்.

கடைசி நாளுக்கு முந்திய நாளை ஓட்சுவுக்கு வைத்துக்கொள்ளலாம். கியோட்டோ நிலையத்திலிருந்து குன்றுகளைக் கடந்தால் பீவா ஏரி. ஓட்சுவுக்குத் தொடர்வண்டியில் பத்து நிமிடம், செசெ நிலையம் அதற்கு அடுத்தது. 1694இல் ஒசாகாவில் உயிர்நீத்த பாஷோவின் உடலை மாணாக்கர் யோதோ ஆற்றில் படகேற்றி இரவோடிரவாக ஃபுஷிமிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இந்த ஏரிக்கரைக்குச் சேர்த்தனர். கிசோ யொஷினாகா என்னும் தோற்ற வீரரின் அருகில் தம்மை அடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தலைநகரில் பலமுறை தங்கியவர் தலைநகரில் அடங்க விரும்பவில்லை. கிச்சு-ஜி என்னும் அச்சிறு கோயில் செசெ நிலையத்திலிருந்து நடை தூரத்தில் உள்ளது. கோயில் மூடும் நாள் எது என்று முன்னரே கேட்டறிந்து செல்லல் வேண்டும். மூடிய கதவின் முன் நிற்க நேர்ந்தால், மறுநாள் விடியலில் மீண்டும் வந்து பார்க்கக் கடைசி நாள் கையில் இருக்கும்.