மூளைக் கட்டியும் கதிர்ச் சிகிச்சையும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மூளையிற் கட்டி யென்றறிந்தவுடன் குடும்பத்தார் வைத்தியரை வினவுவது, “கட்டி அழியுமா?” என்பதே. கதிர்ச் சிகிச்சையில் அதற்கிணையான வேறொரு வினாவும் உண்டு. பக்கத்திலுள்ள நல்லுறுப்புக்கள் எவ்வளவு கதிரை ஏற்கப்போகின்றன?

கதிரளவைக் ‘கிரே’ என்னும் அலகாற் குறிப்பர். கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டிக்குப் பெரும்பாலும் 60 கிரே, 30 தவணைகளாகப் பகுத்து, ஆறு வாரங்களில் அளிக்கப்படும். பார்வை நரம்புகள் கூடுமிடமும் மூளைத் தண்டுமோ ஏறக்குறைய 54 கிரேக்கு மேற் பெறலாகாதென்பது வழக்கமான வரம்பு. கண்வில்லை மிக மெல்லியது. 10 கிரேக்குக் குறைந்த அளவிலும் அதிற் புரை படரக்கூடும்.

சிகிச்சைக்கு முன் இரண்டொரு திட்டங்களைக் கணினியில் வகுத்து, ஒவ்வோர் உறுப்பிலும் எத்தனை பங்கு எவ்வளவு கதிர் பெறுமென வரைபடமாக்கி ஒப்பிடுவர். இங்கே சராசரி யென்பது மயக்குஞ் சொல். பார்வை நரம்பு சங்கிலியை யொத்தது. ஒரு கண்ணி அறுந்தாற் பார்வை போயிற்று. ஆதலின் அதற்கு உச்ச அளவே நோக்கற்பாலது. உட்செவிக்கோ சராசரியைப் பார்ப்பர். அன்றியும், பல திசைகளினின்று கதிரைச் செலுத்துந் திட்டம் ஓரிடத்து மிகுதியைக் குறைத்தாலும், சிறிய அளவை மூளையெங்கும் பரப்பிவிடும். ஒன்றைக் காக்க ஒன்றை விடுதல் இதில் தவிராதது.

இனிப் புரோட்டான் சிகிச்சை. 2019ஆம் வருஷம் முதல் சென்னையிலேயே இது கிடைக்கின்றது. எக்ஸ் கதிர் கட்டியைக் கடந்து அப்பாலும் ஊடுருவும். புரோட்டானோ குறித்த ஆழத்தில் நின்றுவிடும். மெடுல்லோபிளாஸ்டோமா கண்ட குழந்தைக்கு முதுகுத்தண்டு முழுதும் கதிர் வேண்டியிருப்பதால், முன்புறமுள்ள இருதயமும் குடலும் இதனாற் பெரிதும் தப்புகின்றன. வளருங் குழந்தைக்கு இது பெருநன்மையே. ஆயினும் வயது வந்தோரின் கிளையோபிளாஸ்டோமாவில் இது ஆயுளை நீட்டுமென்பது நிரூபணமாகவில்லை. நிலத்தை அடகு வைக்கத் துணியுமுன், “இதனால் எங்கள் நோயாளிக்கு எவ்வுறுப்பு, எத்தனை கிரே தப்பும்?” என்று கேட்டல் நமது உரிமை. விடை சொற்பமாயின் செலவைப் பற்றி மறுபடி யோசிக்கலாம், வைத்தியரை அவமதித்ததாகாது.

சிகிச்சை முடிந்தபின் அவ்வரைபடத்தின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு காலத்தில் மீண்டும் கதிர் வேண்டியிருப்பின், முன் பெற்ற அளவை யறிந்தே புதிய வைத்தியர் கணக்கிடவேண்டும்.