விடுதலை நாட்களும் கீரிமலைக் கேணியும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே பள்ளிக்கூட விடுமுறைக்கு ‘விடுதலை’ என்பது பெயர். “ஒரு மாதம் பள்ளிக்கூடம் விடுதலை” என்று கூவியபடி படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவரும் சிறுவன் அச்சொல்லின் பெரிய பொருள்களை அறியான். வாய்ப்பாட்டிலிருந்தும் வாத்தியாரின் பிரம்பிலிருந்தும் சில நாட்களுக்குத் தப்பினோம் என்பதே அவன் கண்ட பொருள். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பற்றிச் சிறுவர்க்காகப் பாடிய பாட்டை அறியாத யாழ்ப்பாணத்தவர் அரியர். அப்பாட்டிலே பிள்ளைகள் எங்கும் பிரயாணம் போவதில்லை. கூழும் கொழுக்கட்டையும் வீடு தேடி வருகின்றன. விடுமுறை என்றால் தூர இடத்துக்குப் போவதே என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்து புகுந்தது.

அக்காலத்தில் தூரப் பிரயாணம் செய்தவர்களும் ஊரை நோக்கியே செய்தார்கள். கொழும்பிலும் கண்டியிலும் அநுராதபுரத்திலும் உத்தியோகம் பார்த்த தகப்பன்மார் ஆவணி விடுமுறைக்கும் மார்கழி விடுமுறைக்கும் மனைவி மக்களோடு வடக்கே வருவர். ‘வாரன்ற்’ என்று வழங்கிய இலவசப் புகையிரத ஆணைச்சீட்டு அரசாங்க உத்தியோகத்தர் குடும்பத்துக்குப் பெரிய செல்வம். 1956ஆம் ஆண்டு சித்திரையிலே யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், காலையிலே கொழும்புக் கோட்டையில் ஏறியவர்கள் அன்றைக்கே பிறந்த வீட்டுத் திண்ணையிலே இருந்து தேநீர் குடிக்கக்கூடியதாயிற்று. ஆனையிறவிலே உப்பளத்தின் காற்று முகத்தில் அடித்தவுடன் தூங்கிய பிள்ளைகளும் எழுந்துவிடுவர். நிலையங்களின் பெயரை முதலில் வாசிப்பவர் யார் என்ற போட்டி பளையில் தொடங்கும்.

வீடு வந்து சேர்ந்து, பனம்பழம் சூப்பி, பாட்டியிடம் இரண்டொரு நாள் செல்லம் கொண்டாடிய பின்னர், “கீரிமலைக்கு எப்போது?” என்ற கேள்வி எழும். யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு அது தவறாத கேள்வி.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து கீரிமலை ஏறக்குறைய 12 மைல். இன்று மோட்டாரிலே அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் தூரம். கூடார வண்டிலிலே போன காலத்தில் அது ஒரு முழுநாட் பிரயாணம். விடிவெள்ளி தோன்றுமுன் வண்டில் புறப்படும். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஊர்கள் ஒவ்வொன்றாய் விழித்தெழ, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலடியில் வண்டில் சற்றே நிற்கும். குதிரைமுகம் நீங்கப் பெற்ற மாருதப்புரவீகவல்லியின் கதையை வீட்டுப் பெரியவர் அங்கே சொல்லத் தொடங்குவார். கதை முடிவதற்குள் கடற்காற்று வந்துவிடும். பிள்ளைகளின் காது கதையிலே நில்லாது.

முதன்முறை போகும் பிள்ளைக்கு ஓர் ஏமாற்றமும் காத்திருக்கும். மலை என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே இல்லை. கீரிமுகம் கொண்டிருந்த நகுலமுனிவர் நீராடி அது நீங்கப் பெற்றார் என்பது தலபுராணம். அவர் பெயரையே நகுலேஸ்வரமும் கொண்டது. மலையைத் தேடிய கண் கேணியைக் கண்டவுடன் ஏமாற்றத்தை மறந்துவிடும். ஒரு பக்கம் அலைபுரளும் உப்புக் கடல். கடலுக்கும் கேணிக்கும் இடையில் ஒரு மதிற்சுவர் அளவே தூரம். கேணிக்குள் ஊறிப் பெருகும் நன்னீர். கடலிலே முதலில் தோய்ந்து, உடம்பு உப்புக் கரிக்க ஓடிவந்து கேணிக்குள் குதிப்பது சிறுவரின் முறை. பெரியவர்கள் படி படியாய் இறங்குவர்.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகள் கேட்பதுண்டு. சரியான விடை பலருக்குக் கிடைப்பதில்லை. குடாநாட்டின் அடியிலே கிடப்பது சுண்ணாம்புக்கல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை, செம்மண்ணில் ஊறி, அக்கல்லிலுள்ள வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகிறது. தங்கியது மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகருகிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாய் இருப்பதற்கும் இதுவே காரணம். நன்னீர் இலேசானது, உவர்நீரின்மேல் மிதக்கிறது. கீரிமலையிலே வெளிப்படுவது உள்ளூர்த் தோட்டங்களிலும் வளவுகளிலும் விழுந்த மழையே. வெங்காயப் பாத்திக்கு அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்தால் கிணற்றிலே உப்பு ஏறுவதைத் தோட்டக்காரர் அறிவர். கேணியும் அதே நீரை நம்பியிருக்கிறது.

பெண்களுக்குரிய கேணி வேறாக, மதிலால் மறைக்கப்பட்டிருக்கிறது. ஆண்களின் கேணியிலே வானமும் கடலும் கூத்தும் கும்மாளமும். பெண்களின் கேணியிலே சுவர். விடுமுறை நினைவுகளைக் கேட்டால் ஆண்கள் நீந்தியதைச் சொல்வார்கள். அவர்களுடைய தாய்மாரிடம் கேட்டால், முதல்நாள் இரவு கட்டுச்சோற்றுக்குப் புளி கரைத்ததையும், அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியதையும், பனையோலைப் பெட்டியிலே பலகாரம் அடுக்கியதையும் சொல்வார்கள். வீட்டார் எல்லாருக்கும் விடுதலை கிடைத்த நாளிலே அவர்களுக்கு வேலை இரட்டித்தது. ஆயினும் திரும்பும்போது வண்டிலிலே தலையை உலரவிட்டு, மடியிலே தூங்கும் பிள்ளையோடு இருந்த அந்த ஒரு மணி நேரத்தை அவர்களும் மறந்ததில்லை.

கீரிமலைக்கு வேறொரு முகமும் உண்டு. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையன்று விரதமிருந்து தீர்த்தமாடும் கரை அது. இறந்தவரின் சாம்பல் கரைக்கப்படுவதும் அந்தியேட்டிக் கிரியை நடைபெறுவதும் அக்கரையிலேதான். தந்தையின் தோளிலிருந்து நீருக்குள் குதித்துப் பழகிய மகன், முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், அதே படிக்கு அதே தந்தையின் சாம்பலோடு வருகின்றான். ஒரு பக்கத்தில் ஐயர் மந்திரம் சொல்ல, இன்னொரு பக்கத்தில் வேறொரு வீட்டுப் பிள்ளைகள் நீர் தெறிக்கக் குதித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் அதட்டுவதில்லை.

இத்தகைய இடம், வேண்டியபோது போகலாம் என்றிருந்த இடம், ஒருநாள் எட்டாத இடமாயிற்று. 1990 ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது. காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி முதலாகிய வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தனர். பின்னர் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. நினைத்தவுடன் வண்டில் பூட்டிப் போகக்கூடிய இடமாகக் கீரிமலை நெடுங்காலம் இருக்கவில்லை. பெற்றோரின் கிரியைகளைப் பலர் வேறு கரைகளிலே செய்து முடித்தனர். செய்தும் மனம் ஆறாதிருந்தனர்.

எரிபொருள் தட்டுப்பாடான அந்த ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்துப் பழைய ஓஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயிலே ஓடின. உல்லாசப் பயணம் என்ற சொல்லே வழக்கிழந்தது. ஆயினும் பிள்ளைகள் பிள்ளைகளே. அவர்களுக்கும் ஆவணி விடுதலை வந்தது. ஷெல் விழாத நாளிலே பக்கத்து ஊரிலுள்ள மாமி வீட்டுக்குச் சைக்கிளின் முன்பாரிலே இருந்து போனதை, இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பெரிய பிரயாணமாக நினைவுகூருகிறார்கள். மாமி வீட்டிலே இருந்தது ஒரு மாமரம், ஒரு ஊஞ்சல், அவ்வளவே.

மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் அமைந்த நலன்புரி நிலையங்களிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு. மயிலிட்டியும் தையிட்டியும் அங்கிருந்து சில மைல் தூரமே. ஆனால் அப்பிள்ளைகள் அவ்வூர்களைக் கண்டதில்லை. “எங்கள் வீட்டுக் கிணறு இனிக்கும்; எங்கள் கடலிலே மீன் குவியும்” என்று பெற்றோர் சொல்லக் கேட்டே அறிந்தனர். பரீஸ் மாநகரத்தையும் சிங்கப்பூரையும் படத்திலாவது பார்க்கலாம். சொந்த வீட்டின் படம்கூட அவர்களிடம் இருக்கவில்லை. ஓடியபோது அல்பத்தை எடுக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. உலகத்தில் மனிதர் போக விரும்பும் இடங்கள் பல. முட்கம்பிக்கு அப்பால், நடந்தே போகக்கூடிய தூரத்தில், தகப்பன் பிறந்த வளவு கனவுத் தலமாய்க் கிடந்தது இக்குடாநாட்டுப் பிள்ளைகளின் விதி.

போர் 2009 வைகாசியில் முடிந்தது. காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. 2014 ஐப்பசியிலே புகையிரதம் 24 ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணம் வந்தது. 2015 தை 2ஆம் நாள் காங்கேசன்துறையை அடைந்தது. வேலையோ தேவையோ இல்லாமல், புகையிரதம் எப்படியிருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவே அடுத்த நிலையம் வரை ஏறிப்போன குடும்பங்கள் பல. பிள்ளைகள் சன்னலிலே, பெற்றோர் பிள்ளைகளைப் பார்ப்பதா வெளியே பார்ப்பதா என்றறியாத நிலையிலே.

2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலமும் 27 ஆண்டுகளின் பின் விடப்பட்டன. சென்றவர்களுக்கு வழி தெரியவில்லை. வீதி இருந்த இடத்திலே பற்றை. வீடு இருந்த இடத்திலே சுவர்த்துண்டு அல்லது வெறும் நிலம். பலர் முதலில் தேடியது கிணற்றை. வீட்டைத் தரைமட்டமாக்கலாம், கிணற்றை அவ்வளவு எளிதாக அழிக்க முடியாது. கிணற்றைக் கண்டவுடன், இங்கே குசினி, இங்கே மாட்டுக்கொட்டில், இங்கே முருங்கை என்று கையால் காட்டி வெறுவெளியிலே வீட்டைக் கட்டினார்கள். கூட வந்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றனர். இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு அங்கே தெரிந்தது ஒரு பற்றைக்காடு. அவன் கேட்டு வளர்ந்த ஊர் அதுவன்று. விடப்படாத காணிகள் இன்னும் உண்டு. அவற்றின் சொந்தக்காரர் வேலிக்கரை வரை வந்து பார்த்துப் போகிறார்கள்.

அண்மையில் இருந்தும் காணாதிருப்பதற்குப் போர் மாத்திரம் காரணமன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுந்தீவை எடுத்துக்கொள்ளலாம். குறிகட்டுவானிலிருந்து படகிலே ஏறக்குறைய ஒரு மணி நேரம். முருகைக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய வேலிகள், பாழடைந்த கோட்டை, வெட்டவெளியிலே கட்டற்று மேயும் குதிரைகள், ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்குமரம் — இத்தனையும் அங்கே உள. அம்மரத்தின் பொந்துக்குள்ளே பிள்ளைகள் புகுந்து நிற்கலாம். 1985 வைகாசி 15ஆம் நாள் குமுதினிப் படகிலே சென்ற மக்கள் கடலிலே கொல்லப்பட்ட பின்னர், அக்கடலைப் பலர் அச்சத்தோடு பார்த்தது நியாயமே. ஆனால் அதற்கு முன்னரும் நெடுந்தீவைக் காணாமலே முதுமையடைந்த யாழ்ப்பாணத்தவர் எண்ணற்றவர். நாளைக்குப் போகலாம், அடுத்த விடுதலைக்குப் போகலாம் என்று நாள் கடத்தியவர்கள் அவர்கள். தூரத்திலுள்ள நுவரெலியாவுக்கு நாட்குறித்துப் பணம் சேர்த்துப் போனார்கள். பக்கத்திலுள்ளதற்கு நாட்குறிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது ஆவணி மாதத்திலே இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. மூன்று வாரத்தில் நல்லூர்த் திருவிழா, நயினாதீவு, காரைநகர்க் கசூரினாக் கடற்கரை, உறவினர் வீட்டு விருந்துகள் எல்லாம் முடியவேண்டும். கீரிமலைக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கப்பட்டிருக்கும். குளிரூட்டிய வாகனத்தின் கதவைத் திறந்து இறங்கும் பேரப்பிள்ளை முதலில் கேட்பது மலை எங்கே என்றுதான். அப்பப்பா விடை சொல்லாமல் சால்வையைக் களைந்து மகனிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்குவார். கழுத்தளவு நீர் வந்தவுடன் நின்றுவிடுவார். பேரன் கடலிலிருந்து ஓடிவந்து குதிப்பான், இரண்டு நீரையும் நாவிலே தொட்டுப் பார்த்துவிட்டு, “இது உப்பில்லை!” என்று கத்துவான். பத்து மணிக்குத் தெல்லிப்பழையிலே பெரியம்மா வீட்டிலே சாப்பாடு. வெளியே சாரதி இரண்டுமுறை ஹோர்ன் அடித்துவிட்டான். மகன் துவாயைக் கையிலே வைத்துக்கொண்டு மேற்படியில் நிற்கிறான். அப்பப்பா இன்னும் ஏறவில்லை.